தேக்கடியில் ஒரு நாள்

"எந்த ஊர்?" என்று வெளியூரில் யாரேனும் கேட்கும்போது, "பாலவனத்தம்" என்று நாம் சொன்னால், "என்னது, பாலைவனமா?" என்று மறுபடியும் கேட்பார்கள். நமக்குக் கோபம் வரும். மதுரையில் 1901-ஆம் ஆண்டு நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் ஜமீன்தாராக இருந்த ஊர் இது என்று பெருமையோடு எடுத்துச் சொல்வோம். ஆயினும் கோபம் ஆறிய பிறகு யோசித்தால், கேட்டவர் முற்றிலும் தவறாகக் கேட்டுவிடவில்லை என்றும் தோன்றும். நம்முடையது வானம் பார்த்த பூமி. அருப்புக்கோட்டைக் கரிசலும் திருச்சுழிப் பக்கத்து மானாவாரி நிலமும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே வாழ்கின்றன. மழை பொய்த்த ஆண்டில் கண்மாய்க்குள் ஆடு மேயும். ஊருணிக் கரையில் குடங்கள் வரிசையில் நிற்கும்.

இத்தகைய ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஒரே ஒரு நாளாவது பெருங்காடு ஒன்றைக் கண்டு வரவேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. ஆனால் பெண்பிள்ளைகளை வெளியூரில் இரவு தங்க அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு, செலவும் உண்டு. எனவே, விடியுமுன் புறப்பட்டு இரவு உறங்கும் நேரத்துக்குள் வீடு திரும்பக்கூடிய இடம் எது என்று தேடினோம். தேக்கடி என்று முடிவாயிற்று. சென்ற தை மாதத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவியருடன் அங்குச் சென்று வந்தோம். அந்த ஒரு நாளை எப்படிச் செலவிடலாம், அங்கே காண வேண்டியது என்ன என்பதை, இனிமேல் செல்ல இருப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

தேசியப் பூங்கா என்றால் என்ன?

புறப்படுவதற்கு முன்பு வகுப்பில் ஒரு மாணவி, "டீச்சர், அங்கே ஊஞ்சல் இருக்குமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அவள் மீது குற்றமில்லை. 'பூங்கா' என்ற சொல்லைக் கேட்டதும் நகராட்சிப் பூங்காதானே நம் நினைவுக்கு வருகிறது? தேசியப் பூங்கா என்பது மனிதன் செடி நட்டு வளர்த்த தோட்டமன்று. காட்டை அதன் போக்கிலேயே விட்டுவிடுவதென்று ஒரு நாடு சட்டத்தின் மூலம் எடுத்துக்கொள்ளும் முடிவுக்கே அந்தப் பெயர். அங்கே மரம் வெட்டக்கூடாது, வேட்டையாடக்கூடாது, ஆடு மாடு மேய்க்கக்கூடாது. உலகில் முதன்முதலாக இவ்வாறு காக்கப்பட்டது அமெரிக்காவிலுள்ள யெல்லோஸ்டோன், ஆண்டு 1872. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-இல் இமயமலை அடிவாரத்தில் அமைந்தது. அது இன்று ஜிம் கார்பெட்டின் பெயரால் வழங்குகிறது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய இடங்களுக்கு உறுதியான காவலாக விளங்குகிறது.

தேக்கடிக் காடு கேரள மாநிலத்தில் இருக்கிறது. அதன் வரலாற்றைச் சற்றே கவனியுங்கள். 1899-இல் ஒதுக்கப்பட்ட காடாயிற்று. 1934-இல் திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் விலங்குகளின் புகலிடமாயிற்று. 1950-இல் பெரியாறு சரணாலயமாக விரிந்தது. 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. 1982-இல் அதன் நடுப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று காப்பகத்தின் மொத்தப் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். நடுவே 26 சதுர கிலோமீட்டர் அளவுக்கு ஓர் ஏரி பரந்து கிடக்கிறது.

இவற்றுள் 1899 என்ற ஆண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கும்.

பயணமும் பாதையும்

பாலவனத்தத்திலிருந்து விருதுநகர், திருமங்கலம், உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளியை அடைய வேண்டும். தூரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். நாங்கள் அதிகாலை மூன்றரை மணிக்குப் புறப்பட்டோம். பிள்ளைகளின் தாய்மார்கள் இருட்டிலேயே எழுந்து புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பேருந்தே மணத்தது.

திருமங்கலம் தாண்டும் வரை பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். அதன் பிறகு உறங்கிவிட்டார்கள். ஆண்டிப்பட்டிக் கணவாயைக் கடக்கும்போது பொழுது புலர்ந்தது. அதுவரை சன்னலுக்கு வெளியே நம் ஊர்க் காட்சிதான்: சீமைக்கருவேலம், பனை, வெளிறிய வானம். தேனி தாண்டியதும் நிலத்தின் நிறம் மாறியது. இருபுறமும் நெல் வயல், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல், வாழை, வாய்க்கால் நிறையத் தண்ணீர். மேற்கே சுவர் போல மலை. கம்பம் பள்ளத்தாக்கு இதுதான். "நம்ம தேனி மாவட்டமா டீச்சர் இது!" என்று ஒருத்தி வியந்தாள். நம்மிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இப்படி ஒரு பசுமை இருப்பது பிள்ளைகளுக்குப் பெரும் புதுமையாக இருந்தது.

அந்தப் பசுமைக்குக் காரணம் என்ன என்று அப்போது நான் சொல்லவில்லை. லோயர் கேம்ப் வந்ததும் பேருந்தைச் சற்றே நிறுத்தச் சொன்னேன். மலையுச்சியிலிருந்து நான்கு பருத்த இரும்புக் குழாய்கள் கீழே இறங்கி மின்நிலையத்துக்குள் நுழைவதை எல்லோரும் பார்த்தார்கள். "இந்தக் குழாயின் மறுமுனையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்" என்று மட்டும் சொன்னேன்.

ஏரியும் படகும்

குமுளி எல்லையூர். அங்கிருந்து காட்டுக்குள் படகுத்துறை வரை நம் வண்டிகளை விடுவதில்லை. வனத்துறைப் பேருந்தில் செல்ல வேண்டும். பிளாஸ்டிக் பைகளுக்கும் அனுமதியில்லை. படகுச் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளாமல் போனால், வரிசையில் நின்றே அரை நாள் வீணாகிவிடும். ஒரே நாளில் போய்த் திரும்புபவர்களுக்கு இது முதல் எச்சரிக்கை.

படகுத்துறையில் குரங்குகளின் ஆட்சி. கையில் தின்பண்டம் வைத்திருந்தவர்களிடம் பறித்துக்கொண்டு ஓடின. ஓர் ஆரஞ்சுப் பழமும் ஒரு பை முறுக்கும் எங்கள் பங்குக்குப் பறிபோயின. குரங்குக்கு உணவு கொடுப்பது இரக்கமன்று. அதனால் அது காட்டில் தானாக இரை தேடும் பழக்கத்தை இழந்து திருடக் கற்றுக்கொள்கிறது என்று காவலர் விளக்கினார்.

படகில் எல்லோரும் உயிர்காப்புச் சட்டை அணிந்து அவரவர் இடத்தில் உட்கார வேண்டும். இதைப் பெற்றோர்களும் அறிந்திருப்பது நல்லது. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் இதே ஏரியில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்ட பயணிகள் ஆவலில் ஒரே பக்கமாகத் திரண்டதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் இட்ட முதல் கட்டளை இதுதான்: யானையே வந்தாலும் எழுந்து நிற்கக்கூடாது!

யானை வரவில்லை. ஒன்றரை மணி நேரப் படகுப் பயணத்தில் தொலைவிலுள்ள புல்மேட்டில் கரிய புள்ளிகளாகச் சில காட்டுமாடுகளைக் கண்டோம். நீரருகே மிளா ஒன்று தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தன. பாம்பு போன்ற கழுத்தையுடைய பாம்புத்தாராவை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. புலி இந்தக் காட்டில் உண்டு. ஆனால் படகில் செல்பவர் கண்ணில் படுவது மிக அரிது. 'புலிகள் காப்பகம்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளின் முகம் சற்று வாடியது உண்மை.

ஏரியின் நடுவே ஆங்காங்கே கருத்த மரக்கட்டைகள் நிமிர்ந்து நிற்கின்றன. பறவைகள் அவற்றின் மீது அமர்ந்திருக்கின்றன. "தண்ணிக்குள்ள எப்படி டீச்சர் மரம் முளைச்சுது?" என்று கேட்டாள், எப்போதும் கடைசி வரிசையில் அமரும் ஒரு மாணவி.

இந்தக் கேள்வியில்தான் தேக்கடியின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

தண்ணீரின் கதை

மரம் தண்ணீரில் முளைக்கவில்லை. மரம் இருந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது. அவை ஒரு நூற்றாண்டுக்கும் முன்னே மூழ்கிய காட்டின் எச்சங்கள். தேக்கடி ஏரி இயற்கையான ஏரியன்று. முல்லைப் பெரியாறு அணையால் தேங்கிய நீர்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலப்பது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலே எழுகிறது. எழும்போது குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தையெல்லாம் மலையின் மேற்குப் பக்கத்திலும் உச்சியிலும் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது வறண்ட காற்று. ஆனி, ஆடியில் நம் ஊரில் புழுதியைக் கிளப்பும் காற்று இதுதான். இதையே மழை மறைவு என்று புவியியல் பாடத்தில் படிக்கிறீர்கள். நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவு மழை பெய்தால், பெரியாற்றுக் காட்டில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பெய்கிறது.

ஒரு பக்கம் வெள்ளம் கடலுக்குப் போகிறது. மறுபக்கம் நிலம் காய்கிறது. மலையைக் குடைந்து அந்த நீரைக் கிழக்கே திருப்பினால் என்ன? இந்த எண்ணம் முதலில் நம் பக்கத்தவர் ஒருவருக்கே தோன்றியது என்பதை அறியும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை இதற்காக மலைக்கு ஆள் அனுப்பி ஆராய்ந்தார். செலவு தாங்காது என்று கைவிட நேர்ந்தது. 1808-இல் ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் கால்டுவெல் ஆராய்ந்து, இது நடவாத காரியம் என்று எழுதிவிட்டார். பிறகு 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருடப் பஞ்சம் வந்தது. கஞ்சித் தொட்டிகளின் முன்னே மக்கள் நின்ற அந்தக் கொடுமைக்குப் பின்னரே அரசு விழித்துக்கொண்டது.

1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. 8000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை, 999 ஆண்டுக் குத்தகை. 1887-இல் வேலை தொடங்கியது. பொறியாளர் ஜான் பென்னிகுவிக் முன்னின்று நடத்தினார். சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்து, கருங்கல் ஆகியவற்றைக் கொண்டு, சாலையில்லாத காட்டில் அணை எழுந்தது. வெள்ளம் பலமுறை வேலையை அடித்துச் சென்றது. மலைக்காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் விபத்துக்கும் பலியான தொழிலாளர்கள் பலர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. அணையின் நீர் தேக்கடியில் தலைவாய்க்காலில் நுழைந்து, ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே மலையைக் கடந்து, கிழக்கே இறங்கி, சுருளியாற்றோடு சேர்ந்து வைகையில் கலக்கிறது. காலையில் நாங்கள் பார்த்த நான்கு குழாய்களும் பிற்காலத்தில் அந்த நீரைக்கொண்டு மின்சாரம் எடுக்க அமைக்கப்பட்டவை. கம்பம் பள்ளத்தாக்கின் பசுமைக்குக் காரணமும் அதுவே. நம் விருதுநகர் மண்ணில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1959-இல் ஆண்டிப்பட்டி அருகே திறந்துவைத்த வைகை அணையில் அந்த நீர் மறுபடியும் தேக்கப்பட்டு, மேலூர், திருமங்கலம் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது.

தேனி மாவட்ட மக்கள் பென்னிகுவிக் பிறந்த நாளான ஜனவரி 15-இல் பொங்கல் வைத்து அவரை நினைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அணையின் நீர்மட்டம் பற்றி இரு மாநிலங்களுக்கிடையே நீண்ட வழக்கும் நடந்தது. 1979 முதல் 136 அடி வரையே தேக்கப்பட்டு வந்த நீரை 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீரைப் பெறுகிற நமக்கு அது வாழ்வு. அணைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு அச்சம். இரண்டையும் உணர்ந்து பேசுவதே படித்தவர்களுக்கு அழகு.

இப்போது 1899 என்ற ஆண்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அணை திறந்த நான்கே ஆண்டுகளில் ஏரியைச் சுற்றியுள்ள காடு ஒதுக்கப்பட்டது ஏன்? காட்டை வெட்டினால் மழையில் மண் கரைந்து ஏரிக்குள் இறங்கும். ஏரி தூர்ந்துபோகும் என்பதை அன்றே அறிந்திருந்தார்கள். யானைக்கும் புலிக்கும் இடம் கொடுப்பதற்கு முன்னரே, நீரைக் காப்பதற்காகக் காக்கப்பட்ட காடு இது! அணை ஒரு காட்டை மூழ்கடித்தது. எஞ்சிய காடு அந்த அணையைக் காத்துவருகிறது.

காட்டுக்குள் நடை

படகிலிருந்து இறங்கிய பின், வனத்துறை வழிகாட்டிகளுடன் சிறு சிறு குழுவாகக் காட்டுக்குள் நடந்தோம். எங்கள் குழுவுக்கு வந்தவர் மலைவாழ் பளியர் இனத்தைச் சேர்ந்த பெரியவர். இங்கு மன்னான், பளியர் இன மக்கள் பலர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் பணிபுரிகிறார்கள். ஒரு காலத்தில் களவாகக் காட்டில் நுழைந்து மரப்பட்டை உரித்து விற்றவர்கள்கூட மனம் மாறி, 1990-களின் பிற்பகுதியிலிருந்து இதே காட்டுக்குக் காவலாக நிற்கிறார்கள். இன்னொரு செய்தி நம் மாணவியர் கட்டாயம் அறிய வேண்டியது. 2002-ஆம் ஆண்டு முதல், 'வசந்த சேனா' என்ற பெண்கள் குழுவினர் கூலி ஏதும் பெறாமல் முறைவைத்துக் காட்டுக்குள் ரோந்து செல்கிறார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு வருகிற சாதாரணக் குடும்பப் பெண்கள் அவர்கள்.

வழிகாட்டிப் பெரியவர் ஓரிடத்தில் நின்று பிள்ளைகளைக் கிட்டே வரச் சொன்னார். கீழே கிடந்த சருகை விலக்கி, "கைய வச்சுப் பாருங்க புள்ளைகளா" என்றார். தொட்டுப் பார்த்த பிள்ளைகள் திகைத்தார்கள். மண் ஈரமாக இருந்தது. "மழை பேஞ்சு பன்னெண்டு நாளாச்சு. இன்னும் காயல" என்றார்.

காடு தண்ணீரைப் பிடித்து வைக்கும் விதத்தை இதைவிட எளிதாக எந்தப் புத்தகமும் விளக்கிவிட முடியாது. மழைத்துளி நேராக மண்ணை அறைவதில்லை. முதலில் உயர்ந்த மரங்களின் இலை அதை ஏந்துகிறது. பிறகு சிறுமரம், புதர், புல் என்று ஒவ்வொன்றாக ஏந்தி வேகத்தைக் குறைக்கின்றன. கடைசியில் சருகு மெத்தையின் மேல் மெல்ல இறங்கும் நீர், வேர்கள் துளைத்த வழியாக மண்ணுக்குள் புகுகிறது. பஞ்சு போல உறிஞ்சிய மண், மழை நின்ற பிறகும் நாள் கணக்கில் அதைக் கசியவிடுகிறது. அதனால்தான் மழையில்லாத தை, மாசியிலும் ஓடையில் நீர் ஓடுகிறது. வெட்டவெளியில் பெய்கிற மழையோ பெய்த வேகத்தில் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும்.

அப்போது தலைக்கு மேலே 'உஷ்... உஷ்' என்று ரயில் எஞ்சின் போல ஓர் ஓசை கேட்டது. பெரிய இருவாச்சிப் பறவை! அதன் இறக்கை காற்றை அறுக்கும் ஓசை அது. மரத்தின் உச்சியில் கருமந்திகள் கிளைவிட்டுக் கிளை தாவின. செம்பழுப்பு நிறத்து மலை அணில் ஒன்று நீண்ட வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு பழம் தின்றது. புலியைக் காணாத குறை பிள்ளைகளுக்கு மறந்தே போயிற்று.

"நம்ம ஊருக்கு வருமா?"

மதியம் குமுளிக்குத் திரும்பிக் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அப்போது அந்தக் கடைசி வரிசை மாணவி என் அருகில் வந்து உட்கார்ந்தாள். "டீச்சர், இந்தத் தண்ணி நம்ம ஊருக்கு வருமா?" என்றாள்.

அவள் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வருபவள். வாரத்தில் சில நாள் காலை வணக்கம் முடிந்த பிறகே பள்ளிக்குள் நுழைவாள். நானும் பலமுறை கடிந்திருக்கிறேன். வெளியே நிறுத்தியும் இருக்கிறேன். அன்றுதான் அவள் சொன்னாள்: "குழாயில தண்ணி வர்ற அன்னிக்குத்தான் டீச்சர் லேட்டாகும். அம்மா மில்லுக்குப் போயிரும். நான்தான் பிடிச்சு வைக்கணும்." ஒரு வருடமாக அவளைக் கடிந்துவந்த நான் அதுவரை காரணத்தைக் கேட்டதில்லை. கட்டுச்சோறு தொண்டையில் இறங்கவில்லை.

அவளுடைய கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான். பெரியாற்றுக் கால்வாய்கள் நம் வயல்கள் வரை வருவதில்லை. நமக்குக் கண்மாயும் மழையும்தான். ஆனால் குடிநீர் வேறு கதை. வைகைக் கரையிலுள்ள திருப்புவனத்திலிருந்து அருப்புக்கோட்டை நகருக்குக் குழாய் வழியே குடிநீர் கொண்டுவந்தார்கள். வைகையில் பெரியாற்று நீரும் கலந்தே வருகிறது. பிற்பாடு தாமிரபரணித் தண்ணீரும் நம் பக்கம் வந்தது. அந்த ஆறும் பொதிகைமலைக் காட்டில் பிறப்பதுதான். நம் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் 1988-இல் சாம்பல் நிற மலை அணில்களுக்கென்று அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம், 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. அது பெரியாற்றுக் காட்டை ஒட்டியே கிடக்கிறது. வைகையும் அந்த மலைகளில்தான் பிறக்கிறது. ஆக, நம் கரிசல் காட்டில் ஒரு பெண் பிடிக்கும் குடத்து நீருக்குப் பின்னால் எங்கோ ஒரு மலையில் சருகு மூடிய ஈர மண் இருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப நம்ம கண்மாய்க்கும் காடு மாதிரி ஏதாச்சும் வேணும்ல டீச்சர்?" என்றாள். ஆம், வேண்டும். கண்மாய்க்கு வரத்துக்கால்தான் காடு. அதை ஆக்கிரமிக்காமல், தூர்க்காமல், குப்பை கொட்டாமல் வைத்திருந்தால் பெய்கிற 800 மில்லிமீட்டரும் நமக்கே. கரையும் மடையும் மறுகாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று நம் முன்னோர் குடிமராமத்து செய்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் சுமந்தார்கள். மலைக்காட்டை வசந்த சேனாப் பெண்கள் காக்கும்போது, ஊருணியை நாம் காக்க முடியாதா?

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்

'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்' என்பது பழமொழி. ஒரே நாளில் சுருளி அருவி, வைகை அணை, மேகமலை, தேக்கடி என்று எல்லாவற்றையும் பார்க்கத் திட்டமிட்டால், பேருந்துச் சன்னலைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. ஒரு நாளுக்கு ஓர் இடம் என்று வையுங்கள். படகு ஒன்று, காட்டு நடை ஒன்று; அது போதும்.

ஐப்பசிக்குப் பின் மாசி வரை தட்பவெப்பம் இனிது. கோடையில் நீர் குறைவதால் விலங்குகள் ஏரிக்கரைக்கு அதிகம் வரும். ஆனி முதல் ஆவணி வரை பெருமழை, அட்டைக்கடியும் உண்டு. பச்சை, காக்கி போன்ற மங்கிய நிற உடை நல்லது. உரக்கப் பேசினால் விலங்கு விலகிப்போகும். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலிலும் சோற்றைத் தூக்குவாளியிலும் எடுத்துச் செல்லுங்கள். மலைச்சாலையில் வாந்தி வருபவர்கள் காலையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். அணைக்கட்டைப் பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே அதை எதிர்பார்த்துச் செல்லாதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் குமுளியை விட்டால் இரவு எட்டு மணிக்கெல்லாம் ஊர் சேரலாம். நாங்கள் எட்டரைக்கு வந்து சேர்ந்தோம். பள்ளி வாசலில் பெற்றோர் காத்திருந்தார்கள். "புலியைப் பார்த்தீங்களா?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

அடுத்த வாரம் மாணவியர் வகுப்பில் பயணத்தைப் பற்றிப் படம் வரைந்தார்கள். பெரும்பாலோர் படகும் பறவையும் வரைந்தார்கள். சிலர், தாம் பார்க்காத யானையையே வரைந்துவிட்டார்கள்! கடைசி வரிசை மாணவி மட்டும் ஒரு நீண்ட கோடு வரைந்திருந்தாள். மேலே சருகும் மரமும் ஏரியும். பிறகு சுரங்கம், குழாய், சுருளியாறு, வைகை அணை, திருப்புவனம், அருப்புக்கோட்டை. கோட்டின் முடிவில் ஒரு குழாயும், அதன் கீழே ஒரு குடமும், குடத்தருகே சடை பின்னிய ஒரு பெண்ணும். அந்தப் படம் இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வரும் நாளில் அவள் தாமதமாக வந்தால், இப்போது நான் அவளை வெளியே நிறுத்துவதில்லை.